ஒரே ரா ஃபைல், வேறு வேறு படங்கள்

ரா ஃபைல் ஒன்றை அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் திறந்ததும் நிறங்கள் பளிச்சென்று தெரியும். சற்று நேரத்தில் சட்டென்று மாறிவிடும். படம் கெட்டுப்போயிற்றோ என்று பதறுபவர்கள் உண்டு. முதலில் வந்தது கேமரா தயாரித்து ஃபைலுக்குள் பொதிந்து வைத்த ஜேபெக். அடுத்து வந்தது லைட்ரூம் தானே உருவாக்கிய படம். அந்த மாற்றத்தைக் கவனிப்பதிலிருந்து தொடங்கலாம்.

ரா ஃபைலில் இருப்பவை எண்கள். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் அளக்கிறது. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. விடுபட்ட இரு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் ஊகிக்கிறது. 14 பிட் ஃபைலில் 16,384 படிகளாகக் கிடக்கும் ஒளியைத் திரைக்குள் அடக்குவதும் அதன் பொறுப்பே. எந்த அளவில் அடக்குவது என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு மென்பொருளும் தன் ரசனைப்படி முடிவெடுக்கிறது.

நிக்கானின் என்எக்ஸ் ஸ்டூடியோவும் கேனானின் டிபிபியும் கேமராவில் நீங்கள் வைத்த அமைப்புகளை மதித்து, கேமரா ஜேபெக்கை ஒட்டியே காட்டும். லைட்ரூம் 2018 முதல் 'அடோபி கலர்' என்ற தன் நிறக்குறிப்பில் தொடங்குகிறது. கேப்ச்சர் ஒன் ஒவ்வொரு கேமரா மாடலுக்கும் தனி நிறக்குறிப்பு வைத்திருக்கிறது. ராதெரபியின் 'நியூட்ரல்' அமைப்பில் படம் சோகையாகத் தெரியும். ஃபைலில் என்ன இருக்கிறது என்று அறிய எனக்கு அதுவே பிடிக்கும்.

ஒப்பிடும்முன் வெளிச்சத்தைச் சமன் செய்துகொள்ளுங்கள். கூடுதல் வெளிச்சமான படம் எப்போதும் நல்ல படம்போல் ஏமாற்றும். ஒயிட் பேலன்ஸில் கெல்வின் எண்ணைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். ஒரே ஃபைலுக்கு இரு மென்பொருள்கள் இரு எண்கள் சொல்லும். சாம்பல் நிறப் பரப்பு ஒன்றைக் கண்ணால் பொருத்துவதே மேல். லைட்ரூம் கேட்காமலே கொஞ்சம் கூர்மையும் ஏற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது அஸ்தமனப் படம் ஒன்றில் சூரியனின் விளிம்புக்குப் போங்கள். அங்கே சிவப்பு முதலில் நிரம்பி வழியும். பச்சை தொடர்ந்து ஏற, ஆரஞ்சு மஞ்சளாகி வெண்மையில் முடியும். சில மென்பொருள்கள் அந்த மஞ்சளைத் தனி வளையமாக நிறுத்திவிடும். சில, நிறத்தை மெல்லக் கரைத்து வெண்மைக்குக் கொண்டுபோகும். டார்க்டேபிள் மென்பொருளில் ஒளியைத் திரைக்குள் அடக்கும் ஃபில்மிக், சிக்மாய்ட் என்ற இரு முறைகளையும் மாற்றிப் போட்டால் அதே சூரியன் வேறு மாதிரி வெளுப்பதைக் காணலாம். பிறகு அரக்குப் பட்டுப்புடவை ஒன்றின் மடிப்புகள். சிவப்புக்குள் இருக்கும் நிழல்கள் எங்கே பிரிந்து நிற்கின்றன, எங்கே ஒரே திட்டாகின்றன என்று பாருங்கள். ஒரு நிறக்குறிப்பின் தரம் முகத்தைவிட இங்கேதான் சீக்கிரம் தெரியும் என்பது என் எண்ணம்.

கடைசியாக நூறு சதவீதம் பெரிதாக்கி இலைகளுக்கு வாருங்கள். 2012இல் எக்ஸ்-ப்ரோ1 கேமராவில் ஃபியூஜிஃபிலிம் கொண்டுவந்த எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் நிறப்புள்ளிகளின் அடுக்கே வேறு. அதை அடோபி படித்தபோது தழைகள் புழு நெளிவதுபோலக் குழம்பின என்று ஃபியூஜி பயனர்கள் பல ஆண்டுகள் குறைபட்டுக்கொண்டார்கள். 2019இல் அடோபி 'என்ஹான்ஸ் டீட்டெய்ல்ஸ்' வசதியைத் தந்தது. பழைய ஃபைல்களிலேயே இலைகள் கூடுதல் தெளிவுடன் வந்தன. அதனால், ஜேபெக் எடுத்துவிட்டோமே என்று பழைய ரா ஃபைல்களை அழித்துவிடாதீர்கள்.