ஊர்க் கண்ணும் ஓர் எழுத்தும்: ஹோதோர்னின் ‘ஸ்கார்லெட் லெட்டர்’

நதானியேல் ஹோதோர்னின் ‘ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலை முதற்பக்கத்திலிருந்து கடைசிவரை தேடினாலும் விபசாரம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஓரிடத்திலும் அகப்படாது. கதை முழுவதும் அதனால் வந்த வினைதான். ஹெஸ்டர் பிரின் என்ற இளம்பெண்ணின் மார்பில் சிவப்புத் துணியில் தைக்கப்பட்டிருக்கும் ‘ஏ’ எழுத்து அந்தச் சொல்லின் முதலெழுத்து. ஊர் அதைப் பார்க்கிறது, பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுகிறது. கதைசொல்லியோ கடைசிவரை அந்தச் சொல்லைச் சொல்வதேயில்லை. அக்காலத்து நாகரிகம் கருதி அவர் தவிர்த்தார் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. சொல்லிவிட்டால் பொருள் அடைபட்டுவிடும். சொல்லாமல் விட்டதால் பார்ப்பவன் தன் மனத்திலிருந்து அதை நிரப்ப வேண்டியிருக்கிறது. ஊரும் அதைத்தான் செய்கிறது.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கம். 1640களின் பொஸ்டன். பியூரிட்டன்கள் என்ற கடும் ஒழுக்கவாதக் கிறிஸ்தவர்களின் குடியேற்றம். கணவன் வந்து சேராத நிலையில் ஹெஸ்டர் பிள்ளை பெறுகிறாள். சிறையிலிருந்து கைக்குழந்தையோடு கொண்டுவந்து சந்தைத் திடலின் தண்டனை மேடையில் மூன்று மணித்தியாலம் நிறுத்துகிறார்கள். ஆயுள் முழுக்க அந்த எழுத்தை அணிய வேண்டும் என்பது மீதித் தண்டனை. பிள்ளையின் தகப்பன் யாரென்று அவள் சொல்ல மறுக்கிறாள். அவன் ஊரே போற்றும் இளம் மதகுரு ஆதர் டிம்ஸ்டேல். அதே நாளில் கூட்டத்துக்குள் வந்து நிற்கும் அவளுடைய கிழட்டுக் கணவன், ரோஜர் சிலிங்வேர்த் என்ற பொய்ப்பெயரோடு வைத்தியனாக ஊரில் தங்கி, தகப்பனைத் தேடத் தொடங்குகிறான்.

ஹோதோர்னுக்கு இது வெறும் பழங்கதையல்ல. அவருடைய கொள்ளுப்பாட்டன் வழியில் ஒருவர், ஜோன் ஹாதோர்ன், 1692இல் சேலம் நகரில் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டோரை விசாரித்த நீதிவான்களில் ஒருவர். ஜோனின் தகப்பன் வில்லியம், குவேக்கர்களைத் துன்புறுத்தியதால் பெயர்பெற்றவர். குடும்பப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதிக்கொண்டவர் நமது ஆசிரியர். 1849இல் ஆட்சி மாறியதும் சேலம் சுங்க அலுவலக வேலை பறிபோனது. அந்தக் கசப்போடு எழுதத் தொடங்கிய நாவல் 1850 மார்ச்சில் வந்தது. முதலில் அச்சிட்ட 2500 பிரதிகளும் பத்து நாளில் தீர்ந்தன. அவ்வளவு விரைவாகவே கண்டனமும் வந்தது. ஓரெஸ்டஸ் பிரவுன்சன் என்ற விமர்சகர் இப்படியொரு கதையைச் சொல்லியிருக்கவே கூடாது என்றார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைய மசாசூசெட்ஸில் விபசாரத்துக்கு மரண தண்டனை இருந்தது. 1644இல் மேரி லேதம் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணும் ஜேம்ஸ் பிரிட்டன் என்பவனும் அதற்காகத் தூக்கிலிடப்பட்டார்கள். அவளும் ஒரு வயோதிபனுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான். எழுத்துத் தைக்கும் வழக்கம் அயலிலிருந்த பிளிமத் குடியேற்றத்தில் 1658இல் சட்டமானது. ஹோதோர்ன் தூக்குமரத்தை விட்டுவிட்டு எழுத்தை எடுத்துக்கொண்டார். தூக்கிலிட்டால் ஊர் ஒரு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். எழுத்தை அணிவித்தால் தினமும் பார்க்கலாம். நாவலுக்கு வேண்டியிருந்தது அந்தத் தினமும் பார்ப்பதுதான்.

ஹெஸ்டரின் கதியைத் தனிமை என்று எழுதிவிடுவது வழிகாட்டி நூல்களின் வழக்கம். ஐந்தாம் அத்தியாயத்தை நிதானமாகப் படித்தால் அந்தச் சொல் பொருந்தாது என்று தெரியும். கடற்கரையோரம், ஊருக்கு ஒதுக்குப்புறமாக, யாரோ கைவிட்ட குடிசையில் அவள் இருக்கிறாள் என்பது உண்மை. ஆனால் அவளை யாரும் தனியாக விடுவதில்லையே! தெருவில் மதகுரு ஒருவர் நின்று அவளுக்கு உபதேசம் பண்ணத் தொடங்குவார். உடனே சுற்றிவரக் கூட்டம் கூடிவிடும். பிரார்த்தனைக்குப் போய் உட்கார்ந்தால் அன்றைய பிரசங்கமே அவளைப் பற்றியதாக இருக்கும். சிறுவர்கள் எதற்கென்று விளங்காமலே பின்னால் கத்திக்கொண்டு வருவார்கள். அவள் கையால் சாப்பாடு வாங்கும் ஏழைகளே அவளை ஏசுவார்கள். எல்லாரும் பார்க்கிறார்கள், ஒருவரும் கதைப்பதில்லை. தனிமையில் இருப்பவளுக்குக் கிடைக்கும் ஆறுதல்கூட அவளுக்கு இல்லை.

அவளுடைய ஊசி மட்டும் ஊருக்குள் தாராளமாகப் போய்வருகிறது. ஆளுநரின் கழுத்துப் பட்டி, மதகுருவின் அங்கி, பச்சைப்பிள்ளையின் தொப்பி, மையித்தின் ஆடை எல்லாம் அவள் கைவேலை. மணப்பெண்ணின் முகத்திரையை மட்டும் ஒருவரும் அவளிடம் கொடுப்பதில்லை. ஊரார் பேசும் பேச்சுகளைவிட இந்த ஒரு விலக்கு அதிகம் சொல்கிறது. வேலை வேண்டும், ஆள் வேண்டாம். இன்னொன்று: இந்த ஊரில்தான் இருக்க வேண்டுமென்று தீர்ப்பில் இல்லை. அவள் எங்கே வேண்டுமானாலும் போய்ப் புதுப்பெயரோடு வாழ்ந்திருக்கலாம். போகவில்லை. பாவம் செய்த இடத்திலேயே தண்டனையை அனுபவிப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அதில் பாதிதான் உண்மை என்று கதைசொல்லி மெல்லக் காட்டிக்கொடுக்கிறார். அந்த ஆள் இருக்கும் ஊர் அது.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே அம்பலும் அலரும் நினைவுக்கு வராமல் போகாது. அகப்பாடல்களில் களவொழுக்கத்தைப் பற்றி ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், வெளிப்படப் பேசுவது அலர். முன்னது அரும்பு, பின்னது விரிந்த மலர் என்பர் உரைகாரர். அங்கே அலர் எழுந்தால் தலைவன் மணந்துகொள்ள வேண்டிய நெருக்கடி வரும். ஊர்வாயே ஒருவகையில் காதலரைச் சேர்த்துவைக்கும். பொஸ்டனில் அலர் முழுவதும் அவள் தலையில் விழுகிறது. அவன்மேல் ஓர் அம்பல்கூட இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் மதகுரு விஷயத்தில் தன் வாயைத் தானே மூடிக்கொள்கிறது.

ஹோதோர்ன் இதை எவ்வளவு குரூரமான நகைச்சுவையோடு காட்டுகிறார் பாருங்கள். முதற்காட்சியில் அவள் மேடையில் நிற்கிறாள், டிம்ஸ்டேல் ஆளுநரோடு மேலே மாடத்தில் நிற்கிறான். கூட்டாளியின் பெயரைச் சொல்லிவிடு, மறைத்தால் அவனுக்குத்தான் கேடு என்று அவளிடம் உருக்கமாகக் கேட்பவன் அவனே. பிறகு பிரசங்க மேடையில் ஏறி, நான் பாவிகளிலும் கேடுகெட்ட பாவி என்கிறான். இத்தனை பரிசுத்தமானவரே இப்படிச் சொன்னால் நம் கதி என்ன என்று சனங்கள் உருகுகிறார்கள். அவன் உண்மையைத்தான் சொன்னான்; பொய்யாகப் போய் முடியும் விதத்தில் சொன்னான், அப்படி முடியும் என்று தெரிந்தே சொன்னான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நள்ளிரவில், பார்க்க ஆளில்லாத நேரத்தில், அதே மேடையில் ஏறி நிற்கிறான். ஹெஸ்டரும் பிள்ளையும் வந்து கைகோத்து நிற்கும்போது வானத்தில் ஒளிக்கீற்று ‘ஏ’ வடிவில் தெரிகிறது. இது மிகை, சின்னத்தை அளவுக்கு மீறிப் பிழிகிறார் என்று ஹென்றி ஜேம்ஸ் 1879இல் குறைசொன்னார். வானத்தோடு நிறுத்திக்கொண்டால் ஜேம்ஸ் சொன்னது சரி. ஆனால் மறுநாட் காலைதான் அந்தக் காட்சியின் உயிர். தேவாலய ஊழியன் மேடையில் கிடந்த மதகுருவின் கையுறையைக் கொண்டுவந்து கொடுக்கிறான். உங்களைக் கேலிபண்ணச் சாத்தான் அங்கே போட்டிருக்கிறான் என்கிறான். வானத்தில் தெரிந்த எழுத்தையும் அன்றிரவு காலமான ஆளுநர் வின்த்ரொப் மலக்காகிவிட்டதற்கு அடையாளமாக ஊர் வாசித்துவிட்டது என்கிறான். கையில் சாட்சி இருந்தும் வாசிக்கத் தெரியாத ஊர்! பெண்ணின் மார்பில் இருந்தால் ஒரு பொருள், வானத்தில் இருந்தால் இன்னொரு பொருள்.

முஸ்லிம் வாசகருக்கு இந்த இடம் ஒரு சங்கடத்தை உண்டாக்க வேண்டும். பிறர் குறையைத் துருவுவதைச் சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. கற்பின்மேல் பழி சொல்பவனிடம் சூரத்துந் நூர் நான்கு சாட்சிகளைக் கேட்கிறது. மதகுருவோடு ஒரே வீட்டில் குடியிருந்து, மருந்து கொடுத்துக்கொண்டே அவன் மனத்தைத் தோண்டும் சிலிங்வேர்த்தைப் படிக்கும்போது தஜஸ்ஸுஸ் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உருவம் இலக்கியத்தில் உண்டா என்று தோன்றும். நம்முடைய போதனை இந்தப் பியூரிட்டன்களுடையதைவிட எவ்வளவு மேல் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடலாம். நாவல் அவ்வளவு இலேசாக விடுவதில்லை. பாவத்தை மறைப்பது நல்லது என்றால் டிம்ஸ்டேலும் மறைத்தவன்தானே? ஏழு வருடம் ஒருத்தி அவன் பெயரை மறைத்துக் கொடுத்தாள், அவன் பங்கையும் சேர்த்துச் சுமந்தாள். ஊர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் அவனை யாரும் பார்க்கவில்லை. மற்றவர் மானத்தைச் செலவழித்து ஒருவர் தன் குறையை மூடிக்கொள்வதற்கு என்ன பெயர்? குறைமறைத்தல் பற்றிப் பேசும்போது நாம் இந்தக் கேள்வியை அதிகம் கேட்பதில்லை. கையில் பிள்ளையோடு நிற்பவளுக்கு மறைக்க இடமில்லை என்ற எளிய உண்மையை ஹோதோர்ன் முதற்காட்சியிலேயே வைத்துவிடுகிறார்.

அந்தப் பிள்ளை பேர்ளைப் பற்றி ஓர் ஆசிரியராக நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். குறியீடு, தேவதை, குட்டிச்சாத்தான் என்றெல்லாம் அவளைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவள் விளையாடும் விதத்தை மட்டும் கவனியுங்கள். ஊர்ப் பிள்ளைகள் தேவாலயத்துக்குப் போகும் விளையாட்டும் குவேக்கர்களுக்குக் கசையடி கொடுக்கும் விளையாட்டும் விளையாடுகிறார்கள். பெரியவர்கள் செய்வதைத்தான் பிள்ளைகள் செய்யும். பேர்ளை அவர்கள் சேர்ப்பதில்லை. அவள் தனியே குச்சியையும் கந்தலையும் வைத்து விளையாடுகிறாள். வயதான பைன் மரங்கள் பியூரிட்டன் பெரியவர்கள், களைப்பூண்டுகள் அவர்களுடைய பிள்ளைகள். அடித்துப் பிடுங்கி எறிகிறாள். தனியாக இருக்கும் பிள்ளை கற்பனையில் ஒரு கூட்டாளியை உண்டாக்கிக்கொள்ளும், நாம் வகுப்பில் பார்த்திருக்கிறோம். பேர்ள் ஒரு கூட்டாளியைக்கூட உண்டாக்கவில்லை, உண்டாக்கியதெல்லாம் பகைவர்கள். ஊர் தாய்க்குக் கொடுத்த தண்டனை பிள்ளையின் விளையாட்டுக்குள் போய்விட்டதை இவ்வளவு நுட்பமாகப் பார்த்த ஒருவரை, சின்னங்களில் மட்டும் மினக்கெட்டவர் என்று எப்படித் தள்ளுவது?

தாய் எழுத்தைக் கழற்றி எறியும் காட்டுக் காட்சியிலும் பிள்ளைதான் தடை. எழுத்தில்லாத தாயை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஓடைக்கு அப்பால் நின்று வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். ஹெஸ்டர் திரும்ப எடுத்துக் குத்திக்கொண்ட பிறகுதான் வருகிறாள்.

தண்டித்தவர்கள் எதிர்பார்த்தது மனந்திருந்துதலை. அந்த எழுத்து தன் வேலையைச் செய்யவில்லை என்று கதைசொல்லியே பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஒப்புக்கொள்கிறார். ஊரை விட்டுத் தள்ளப்பட்டவள் ஊரின் சட்டத்தையும் மனத்துக்குள் தள்ளிவிட்டாள். பெண் பிறவி வாழத்தக்கதுதானா என்றுகூட யோசிக்கிறாள். பிள்ளையைக் கொன்றுவிட்டுத் தானும் போய்விடலாமா என்ற இருட்டு வரைக்கும் அந்த யோசனை போகிறது. வெளியே அவள் நோயாளிகளைப் பார்க்கும் பொறுமைசாலி. அந்த ‘ஏ’ ஆற்றல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று ஊர் பொருளை மாற்றிக்கொள்கிறது. நற்பெயர் கிடைத்துவிட்டது என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. தெருவில் அவர்கள் வணக்கம் சொல்ல வந்தால் அவள் விரலை எழுத்தின்மேல் வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். பொருளை மாற்றுவதும் ஊரேதான் என்பதை அவள் மறக்கவில்லை.

முடிவில்தான் எனக்குப் பிணக்கு. டிம்ஸ்டேல் மேடையில் உண்மையைச் சொல்லி இறந்து, பேர்ள் வெளிநாட்டில் வாழ்வு கண்டபின், ஹெஸ்டர் தனியே திரும்பிவந்து யாரும் கேட்காமலே எழுத்தை அணிந்துகொள்கிறாள். சக்வான் பேர்கோவிச் 1991இல் எழுதிய நூல், எழுத்தின் உண்மையான வேலை இந்தத் திரும்பி வருதலில்தான் நிறைவேறுகிறது, கலகக்காரி தானாக இணங்குவதே அமெரிக்கா விரும்பும் முடிவு என்று வாதிடுகிறது. வாதம் பலமானது. ஆனால் ஹெஸ்டரின் திரும்புதலை நான் இணக்கமாகப் பார்க்கவில்லை. அவளுடைய வாழ்க்கை நடந்த இடம் அது, அவ்வளவுதான். ஹோதோர்ன் பின்வாங்குவது வேறோர் இடத்தில். ஆண் பெண் உறவைப் புதிதாக அமைக்கும் உண்மையைச் சொல்ல வரப்போகிறவள் பாவக்கறை படியாதவளாக இருக்க வேண்டும் என்று ஹெஸ்டரையே நினைக்கவைக்கிறார். இருபது அத்தியாயங்களுக்கு மேலாக ஊரின் தீர்ப்பைக் கேள்விகேட்டவர் கடைசியில் அந்தத் தீர்ப்பை அவள் வாயாலேயே உறுதிசெய்கிறார். அது ஹெஸ்டர் நினைத்ததல்ல, ஹோதோர்னின் பயம்.

விமர்சகர்கள் அதிகம் நிற்காத ஒரு வரி இருக்கிறது. முதல்நாள் சிறைவாசலில் பெண்கள் சிலர் நின்று தீர்ப்புப் போதாது என்கிறார்கள். நெற்றியில் சூடு வைத்திருக்க வேண்டும் என்கிறாள் ஒருத்தி, கொன்றிருக்க வேண்டும் என்கிறாள் இன்னொருத்தி. கைப்பிள்ளைக்காரியான ஓர் இளம்பெண் மட்டும், எழுத்தை மூடினாலும் வேதனை அவள் நெஞ்சில் இருக்கும், விட்டுவிடுங்கள் என்கிறாள். ஏழு வருடம் கழித்துத் தேர்தல் நாளில் வெளியூர்க்காரரும் மாலுமிகளும் ஹெஸ்டரைச் சுற்றிவந்து எழுத்தை முறைக்கிறார்கள். அதைக் கண்டு, பழகிப்போன ஊர்க்காரருக்கும் பார்க்கும் ஆசை திரும்ப வருகிறது. அந்தக் கூட்டத்தில் சிறைவாசலில் நின்ற அதே முகங்களை அவள் காண்கிறாள், ஒரு முகத்தைத் தவிர. இரக்கப்பட்ட அந்த இளம்பெண் இடையில் மௌத்தாகிவிட்டாள். அவளுக்குக் கபன் துணி தைத்துக் கொடுத்தது ஹெஸ்டர்.