நீலப் பைக் கிழங்கு

சுவிஸில் ஓல்ற்றனுக்குப் பக்கத்து ஊரான திரிம்பாக்கில், மனோன்மணி அம்பாள் கோயில் திருவிழா என்றால் வடை, மோதகம். பிறந்தநாள் வீடென்றால் மீன் கட்லட் இல்லாமல் கொண்டாட்டமே இல்லை.

சுவிஸ் கடைகளில் உருளைக்கிழங்குப் பைக்கு நிறம் உண்டு. பச்சைப் பையில் அவிந்தும் குலையாத கிழங்கு, அது கறிக்கு. நீலப் பையில் மாவாய் உதிர்வது, கட்லட்டுக்கு அதுதான். தோலோடு அவித்து, சூட்டோடு உரித்து, ஆவி போகவிட்டு மசிக்கவேண்டும். ஈரம் நின்றால் எண்ணெயில் வெடிக்கும். ரின் மீனை வடித்து, முள்ளை நசுக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையோடு ஈரம் வற்ற வதக்கி, கிழங்கோடு பிசைவார்கள். மிளகுத்தூளில் கஞ்சத்தனம் கூடாது. தேசிக்காய்ப் புளி அடுப்பை அணைத்த பிறகுதான். பிடித்த உருண்டைகளை முட்டையில் தோய்த்து, றஸ்க் தூளில் புரட்டி, கொஞ்சநேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பொரித்தால் தூள் உதிராது.

இங்கே பிறந்த பிள்ளைகள் சிலர் நடுவில் சீஸ் வைக்கிறார்கள். சீஸ் நாட்டில் தடுக்க முடியுமா? ஆனாலும் அது மிளகின் உறைப்பை அமுக்கிவிடுகிறது. சோஸும் வேண்டாம். சட்டியிலிருந்து இறக்கியதும் குசினியில் நின்றபடி ஊதி ஊதித் தின்பதுதான் ருசி. மேசைக்கு வருவது விருந்தாளிகளின் பங்கு.