பெற்றோர் கவனத்திற்கு: பள்ளி டைரியின் முதல் நான்கு பக்கங்கள்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், நாவலுக்கு எழுதுகிறோம், ஹோட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பேர் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்கிற ஒரு எழுத்துக்கு மட்டும் யாரும் விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை. பள்ளி டைரியில், பள்ளிக்கீதத்துக்கும் விடுமுறைப் பட்டியலுக்கும் நடுவில், ‘பெற்றோர் கவனத்திற்கு’ என்ற தலைப்பில் வருமே, அந்த மூன்று நான்கு பக்கங்களைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு டைரி, சொந்தக்காரர்கள் வீட்டு டைரி, தெருவில் கேட்டு வாங்கிய டைரி என்று சில வருஷங்களாக இந்தப் பக்கங்களைச் சேர்த்து வைத்து வருகிறேன். பெரும்பாலும் திருப்பூர், கோவை பக்கத்து நர்சரி பிரைமரி பள்ளிகளும் மெட்ரிக் பள்ளிகளும். கணக்கெடுப்பு என்று சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைப் படித்தால் அடுத்ததில் என்ன வரும் என்று சொல்லிவிடலாம். அந்த அளவுக்கு இதற்கென்று ஒரு நடை உருவாகிவிட்டது.

யார் பேசுகிறார்கள்?

முதலில் விதிகள். பெல் அடிக்க 10 நிமிஷம் முன்னால் பிள்ளை உள்ளே இருக்க வேண்டும். புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம். நகம் வெட்டியிருக்க வேண்டும். தங்க நகை கூடாது, தொலைந்தால் பள்ளி பொறுப்பல்ல. லீவ் லெட்டர் இல்லாமல் விடுப்பு எடுக்கக் கூடாது. பிறந்தநாளுக்குச் சாக்லேட் மட்டும், கேக் கூடாது. வகுப்பு நேரத்தில் ஆசிரியரைச் சந்திக்க அனுமதி இல்லை. தினமும் டைரியைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வீட்டுப்பாடம் முடிக்கப்பட்டிருப்பதைப் பெற்றோர் உறுதி செய்ய வேண்டும். வீட்டிலும் பிள்ளையோடு ஆங்கிலத்தில் பேசுவது நல்லது. ஃபீஸ் 10ஆம் தேதிக்குள்.

தனித்தனியாகப் பார்த்தால் இதில் பாதிக்கு மேல் நியாயமான விதிகள். எனக்கு உறுத்துவது வாக்கியங்களின் அமைப்பு. பெற்றோர் செய்ய வேண்டியது எல்லாம் ‘வேண்டும்’, ‘கூடாது’ என்று முடியும். பள்ளி செய்வது எல்லாம் ‘படும்’ என்று முடியும்: அபராதம் வசூலிக்கப்படும், அனுமதி மறுக்கப்படும், நடவடிக்கை எடுக்கப்படும். யார் வசூலிப்பார்கள், யார் மறுப்பார்கள் என்று வாக்கியத்தில் ஆளே கிடையாது. ‘பெற்றோர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று ஒரு வாக்கியம் எல்லா டைரியிலும் உண்டு. கேட்டுக்கொள்வது யார்? நான் பார்த்த நாலு பக்கத்தில் ‘நாங்கள்’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட வரவில்லை.

‘நாங்கள்’ இல்லாததால் ‘நாங்கள் இதைச் செய்வோம்’ என்பதும் இல்லாமல் போகிறது. காலையில் பிள்ளை உள்ளே நுழைந்ததும் என்ன நடக்கும்? எழுத்து தடுமாறுகிற பிள்ளைக்கு டீச்சர் என்ன செய்வார்? சாப்பிடாமல் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவருகிற பிள்ளையை யாராவது கவனிப்பார்களா? 5 வயதுப் பிள்ளை பாத்ரூம் போக எப்படி அனுமதி கேட்க வேண்டும்? ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கிற அம்மா அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்கிற கேள்விகள் இவைதான். டைரியில் இதற்கெல்லாம் ஒரு வரி பதில் கிடையாது.

ஒழுங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை

ஒரு அறையில் 40 சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தர் பாடம் நடத்துவது லேசான காரியம் இல்லை. பை எங்கே வைப்பது, நோட்டை எப்போது எடுப்பது, தண்ணீர் எப்போது குடிப்பது, முடித்தவர்கள் என்ன செய்வது என்று எல்லாமே பழக்கமாகிவிட்டால்தான் டீச்சருக்குப் பாடத்துக்கு நேரம் மிஞ்சும். அமெரிக்காவில் ஹாரி வாங், ரோஸ்மேரி வாங் இருவரும் எழுதி 1991இல் வந்த ‘தி ஃபர்ஸ்ட் டேஸ் ஆஃப் ஸ்கூல்’ என்ற புத்தகம் முழுக்க இதைத்தான் பேசுகிறது. வகுப்பு கலைந்து போவதற்குப் பிள்ளைகளின் குணத்தைவிட, நடைமுறை சொல்லித்தரப்படாததே பெரிய காரணம் என்பது அவர்கள் வாதம். அதனால் முதல் சில நாட்கள் நடைமுறையைச் சொல்லிக்கொடுத்து, செய்ய வைத்து, திரும்பத் திரும்பப் பழக்கச் சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பிள்ளைக்கு நடைமுறையை விளக்கி, பழக அவகாசம் கொடுக்கிறார்கள் என்பது. டைரி பெற்றோருக்கு இந்த இரண்டையுமே கொடுப்பதில்லை. 8.50க்குள் வர வேண்டும் என்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. முதல் 15 நிமிஷத்தில் வருகைப்பதிவு முடிந்து, நேற்றைய நோட்டு வாங்கி, இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று டீச்சர் சொல்லிவிடுவார், 9.05க்கு வருகிற பிள்ளை அன்றைக்கு முழுக்கப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் வேலை செய்யும் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தால், 50 ரூபாய் அபராதத்தைவிட அது வேலை செய்யும். காரணம் தெரிந்தால் பெற்றோர் நேரத்துக்கு வருவார்கள். தெரியாதபோது கேட்டில் வாட்ச்மேனிடம் பேரம் பேசுவார்கள்.

கையெழுத்து விதி

இருக்கிற விதிகளிலேயே சாதாரணமாகத் தெரிவதும் அதிகம் காயப்படுத்துவதும் இந்த ஒன்றுதான்: வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் உறுதி செய்து தினமும் கையெழுத்திட வேண்டும்.

எங்கள் தெருவில் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒரு அக்கா இருக்கிறார். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து வீடு வர ராத்திரி எட்டரை ஆகும். தமிழ் மீடியத்தில் எட்டாவது வரை படித்தவர். பையன் இரண்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். டைரி ஆங்கிலத்தில். “ஏங்ணா, இதுல எதுக்குங்க கையெழுத்துப் போடச் சொல்றாங்க?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார். படித்துச் சொன்னால் போடுவார். நான் ஊரில் இல்லாத நாளில் படிக்காமலே போடுவார். அவர் தூங்கிவிட்ட நாளில் கையெழுத்தே இருக்காது, மறுநாள் பையன் பெஞ்சில் ஏறி நிற்பான்.

அம்மா போட வேண்டிய கையெழுத்து, நிற்பது 7 வயதுப் பையன். பெற்றோரைப் பார்த்து எழுதிய விதிக்குத் தண்டனை பிள்ளைக்குப் போகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பெஞ்சில் ஏற்றுவது அதில் சேருமா என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு டைரியில் ‘நடவடிக்கை’ என்று பெயர்.

அந்த அக்காவுக்குப் படிப்பில் அக்கறை இல்லையா? ஒன்றரை ஷிஃப்ட் பார்ப்பதே ஃபீஸ் கட்டத்தான். அனெட் லாரோ என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1989இல் வெளியிட்ட ‘ஹோம் அட்வான்டேஜ்’ என்ற நூல் சொல்வதும் இதைத்தான். இரண்டு பள்ளிகள், ஒன்றில் தொழிலாளர் குடும்பங்கள், இன்னொன்றில் வசதியான நடுத்தரக் குடும்பங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளைத் தொடர்ந்து பார்த்தார். ஆசிரியர்கள் இரண்டு இடத்திலும் பெற்றோரிடம் கேட்டது ஏறக்குறைய ஒன்றே. பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையும் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் தொழிலாளர் பெற்றோர், பாடம் சொல்லித்தருவது படித்த ஆசிரியரின் வேலை, அதில் நாம் கை வைக்கக் கூடாது என்று மரியாதையோடு ஒதுங்கி நின்றார்கள். அந்த ஒதுங்கலை ஆசிரியர்கள் அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அது அமெரிக்கா, இது திருப்பூர், எல்லாம் அப்படியே பொருந்தாதுதான். ஆனால் ‘டீச்சருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது’ என்ற குரலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

கையெழுத்து விதி மனசுக்குள் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. அந்த வீட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் அம்மா, சும்மா இருப்பார். அப்படி இல்லாத வீட்டுக்கு டியூஷன்தான் வழி. பள்ளி செய்ய வேண்டிய வேலைக்குக் குடும்பம் இரண்டாவது தடவை காசு கொடுக்கிறது.

இத்தனைக்கும் இந்த வயசில் வீட்டுப்பாடத்தால் கிடைப்பது என்ன? ஹாரிஸ் கூப்பரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1987 முதல் 2003 வரையிலான அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் எழுதிய கட்டுரையில், வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு 7 முதல் 12 வகுப்புவரை வலுவாகவும் அதற்குக் கீழே பலவீனமாகவும் இருந்தது. வீட்டுப்பாடமே வேண்டாம் என்று கூப்பர் சொல்லவில்லை. சின்ன வகுப்புக்குக் கொஞ்சமாகப் போதும் என்பவர். நம் ஊரிலும் 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் 1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. ஒன்றிய அரசின் பள்ளிப் பை கொள்கை (2020) இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் வேண்டாம், 3 முதல் 5 வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் என்கிறது. அதுவும் என்ன மாதிரி? நேற்று சாயங்காலம் என்ன செய்தாய், ராத்திரி என்ன சாப்பிட்டாய், என்ன விளையாடினாய் என்று வகுப்பில் பேச வைக்கச் சொல்கிறது. இதற்கு அம்மாவின் ஆங்கிலமும் தேவையில்லை, கையெழுத்தும் தேவையில்லை.

சட்டம் யாரிடம் என்ன கேட்கிறது?

டைரியைப் படித்துவிட்டு 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். ஆசிரியரின் கடமைகளை 24ஆம் பிரிவு வரிசையாக அடுக்குகிறது. நேரம் தவறாமல் வர வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் பார்த்துத் தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும். பெற்றோரை முறையாகக் கூட்டி, வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றித் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்தில் ஆசிரியர் பக்கம் நீளம், பெற்றோர் பக்கம் ஒரு வரி. டைரியில் இது அப்படியே தலைகீழ். பள்ளி எதிர்பார்ப்பு வைப்பதே தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் ஒரு பக்கத்துக் கடமையை மட்டும் அச்சடித்துக் கையெழுத்து வாங்குகிறபோது இன்னொரு பக்கத்தை யார் ஞாபகப்படுத்துவது?

அரசுப் பள்ளியில் அதற்கு ஒரு வாசலாவது இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு கிடையாது. அதனால் அங்கே அம்மா அப்பாவுக்கு மிஞ்சுவது டைரியும், சனிக்கிழமை மீட்டிங்கில் வரிசையில் நின்று கிடைக்கிற மூன்று நிமிஷமும்தான்.

அரசுப் பள்ளியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். அங்கே சிக்கல் வேறு. தனியார் பள்ளி பெற்றோரிடம் அளவுக்கு மேல் எதிர்பார்க்கிறது என்றால், இங்கே ‘இவங்க எங்கங்க வீட்ல பாக்கப் போறாங்க’ என்று முன்கூட்டியே எதிர்பார்ப்பைக் கைவிட்டுவிடுகிற குரலைக் கேட்டிருக்கிறேன். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பார்த்துச் சொல்லித்தருகிறார்கள். உங்கள் பிள்ளை இப்போது மொட்டில் இருக்கிறான், இன்னும் இந்த எழுத்துகள் வரவில்லை, கடைப் பலகையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று ஒரு அம்மாவிடம் சொல்ல இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம். அது எவ்வளவு தூரம் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பது அந்தந்த டீச்சரைப் பொறுத்ததாக இருக்கிறது.

நல்ல பக்கம் எப்படி இருக்கும்?

ஒரு விதியைச் சோதிக்க நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறதா? இதில் பள்ளியின் பங்கு என்ன என்று சொல்லியிருக்கிறதா? இதைச் செய்ய முடியாத வீடு என்ன செய்யலாம் என்று வழி இருக்கிறதா? கூடவே, யாருக்குச் சொல்கிறோமோ அவர்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும்.

கையெழுத்து விதியை இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘புதிய பாடத்தை நாங்கள் வகுப்பிலேயே சொல்லித்தருவோம். வீட்டுக்குக் கொடுப்பது பிள்ளை தானாகச் செய்யக்கூடிய பயிற்சி மட்டும், அரை மணிக்கு மேல் போகாது. முடியவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு அனுப்புங்கள், எங்கே சிக்கல் என்று எங்களுக்குத் தெரியும். கையெழுத்து வாரம் ஒருமுறை போதும். கையெழுத்து இல்லாவிட்டால் உங்களிடம் போனில் கேட்போம், பிள்ளையிடம் கேட்க மாட்டோம்.’

ஐந்து வாக்கியம்தான். இதற்காகப் பள்ளிக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவு கிடையாது. ஆனால் இப்படி அச்சடித்துவிட்டால் பள்ளியும் ஒரு வாக்குக் கொடுத்ததாகிவிடும், மீறினால் பெற்றோர் டைரியைத் தூக்கிக் காட்டுவார்கள். ‘நாங்கள்’ என்ற சொல் அந்தப் பக்கங்களில் வராமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டு டைரியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை மீட்டிங்கில் மார்க்கைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், காலையில் முதல் அரை மணி நேரம் வகுப்பில் என்ன நடக்கும், கையெழுத்து இல்லாமல் வருகிற பிள்ளையை என்ன செய்வீர்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த வருஷ டைரியில் ஒரு வரியாவது மாறலாம்.