எதிர்க்காரணம் கேட்காத தெளிவு

கத்தோலிக்கத் திருஅவையில் சில ஆண்டுகளாக யாரும் முடிவெடுப்பதாகவே தெரியவில்லை. எல்லோரும் ‘தேர்ந்து தெளிகிறார்கள்’, அதாவது செபத்திலும் அமைதியிலும் இறைவிருப்பத்தைத் தேடுகிறார்கள். துறவற சபைகளின் பொதுப்பேரவை முதல் பங்குப்பேரவை வரை இதே பேச்சு. 2021-இல் தொடங்கி 2024 அக்டோபரில் நிறைவடைந்த ஆயர் மாமன்றம் இந்த மோகத்தை வளர்த்துவிட்டது. மாமன்றம் நாடாளுமன்றம் அல்ல, தூய ஆவியாருக்குச் செவிமடுப்பதே அங்கே வேலை என்று அதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். சிக்கலே அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மனம் வறண்டு சோர்ந்திருக்கும் வேளையில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்று, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தேர்ந்து தெளிதலுக்காக ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் தரும் விதி, கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் உதவும். மாமன்றத்தின் 2023, 2024 அமர்வுகளில் கர்தினால்களும் பொதுநிலைப் பெண்களும் ஒரே வட்டமேசையில் அமர்ந்தார்கள். பெண்கள் முதன்முறையாக வாக்குரிமையும் பெற்றார்கள். இது சின்னக் காரியமல்ல.

ஆனால் அந்த மேசையில் பேச்சு எப்படி நடந்தது? முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்வார்கள். சற்று நேரம் அமைதி. அடுத்த சுற்றில், பிறர் சொன்னவற்றில் தம் மனதைத் தொட்டது எதுவென்று சொல்வார்கள். மறுபடியும் அமைதி. மூன்றாம் சுற்றில் ஒத்துப்போவதையும் வேறுபடுவதையும் தொகுப்பார்கள். ‘நீங்கள் சொல்வது தவறு, காரணம் இது’ என்று ஒருவர் எழுந்து சொல்ல இதில் எந்தச் சுற்று? மனதைத் தொட்டதைக் கேட்கும் இடத்தில் சான்று கேட்பவர் முரடராகத் தெரிவார்.

இஞ்ஞாசியாரே இப்படிச் செய்யவில்லை. 1539-இல் ரோமில் அவரும் தோழர்களும், தங்களுள் ஒருவருக்குக் கீழ்ப்படியும் வாக்குறுதி கொடுப்பதா என்று பல வாரங்கள் ஆராய்ந்தார்கள். செபித்தார்கள், தவமும் செய்தார்கள். கூடவே, ஒரு நாள் அத்தனை பேரும் எதிர்க்காரணங்களை மட்டும் சொன்னார்கள். மறுநாள் அத்தனை பேரும் ஆதரவுக் காரணங்களைச் சொன்னார்கள். கீழ்ப்படிதலை விரும்பியவரும் அதன் கேடுகளைத் தேடிச் சொல்ல வேண்டியிருந்தது. ஆராய்ந்த விதத்தை எழுதியும் வைத்தார்கள். இயேசு சபை பிறந்தது அந்த ஆராய்ச்சியில்தான். இன்று அவர் பெயரால் நடத்தப்படும் பயிற்சிகளில் அமைதி எஞ்சியிருக்கிறது, எதிர்க்காரண நாளைத்தான் காணவில்லை.

இதன் விலை என்ன என்பது 2019 அக்டோபரில் நடந்த அமேசான் மாமன்றத்தில் தெரிந்தது. மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், அருள்பணியாளரைக் காணாத காட்டுச் சமூகங்கள் அமேசான் பகுதியில் உண்டு. எனவே தொலைவான பகுதிகளில், தகுதியுள்ள மணமான திருத்தொண்டர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்ற பரிந்துரை 128 ஆதரவு, 41 எதிர்ப்பு வாக்குகளுடன் நிறைவேறியது. 2020 பிப்ரவரியில் வெளிவந்த ‘கெரிதா அமசோனியா’ என்ற திருத்தூது அறிவுரை மடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. காரணம், அதே ஆண்டு செப்டம்பரில் ‘லா சிவில்தா கத்தோலிக்கா’ இதழ் வெளியிட்ட அவருடைய குறிப்பில் கிடைத்தது: மாமன்றத்தில் வளமான விவாதம் நடந்தது, ஆனால் தேர்ந்து தெளிதல் நடக்கவில்லை.

மறுக்க முடியாத தீர்ப்பு இது. உறுப்பினர்கள் முன்முடிவோடு வந்தார்கள், உள்ளம் விடுதலை பெறவில்லை என்று ஆதரவாளர்கள் விளக்குகிறார்கள். இருக்கலாம். யாருடைய உள்ளம், அந்த 128 பேருடையதா, 41 பேருடையதா? எதைக் கொண்டு அளந்தார்கள்? மணமானவருக்குப் பட்டம் கூடாது என்பதற்கு இறையியல் காரணம் சொல்லியிருந்தால் அமேசான் ஆயர்கள் பதில் சொல்லியிருப்பார்கள். ‘தெளிதல் நடக்கவில்லை’ என்பதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? ஆவியாரின் பெயரைத் தாங்கிய ரத்து அதிகாரம் இது.

அடுத்த மாமன்றத்திலும் இதே கதைதான். 2024 மார்ச்சில் கடினமான கேள்விகள் பத்து ஆய்வுக் குழுக்களுக்குப் போயின. பெண் திருத்தொண்டர் பற்றிய கேள்வியும் அவற்றில் ஒன்று. இரண்டே மாதத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில், திருநிலைப்பாடு பெற்ற பெண் திருத்தொண்டர்களுக்கு இடமில்லை என்று பிரான்சிஸ் சொல்லிவிட்டார். அப்படியானால் குழு எதைத் தெளிந்துகொண்டிருந்தது? அக்டோபரில், மாமன்றத்தின் இறுதி ஆவணத்தில், அந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது என்ற பத்தி 97 எதிர்வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவர்களின் காரணங்கள் அந்த ஆவணத்தில் இல்லை.

அதிகாரம் உள்ளவர் தம் காரணத்தைச் சொல்லாமல் தப்பிக்க வழிசெய்யும் வரை, இந்த முறையை ஆன்மீக முதிர்ச்சி என்று கொண்டாடுவதற்கில்லை. 2028 அக்டோபரில் வத்திக்கானில் திருஅவைப் பேரவை கூடவிருக்கிறது. அதற்கு முன் மறைமாவட்டந்தோறும் கூட்டங்கள் நடக்கும். அழைக்கப்படுகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கட்டும்: 1539-இல் நடந்ததுபோல எதிர்க்காரணங்களுக்கென்று ஒரு நாள், அதற்கு எழுத்தில் ஒரு பதிவு.