முழு ஒப்பனை ஒத்திகை

அரங்கேறும் நாட்டிய நாடகத்தைவிட அதன் கடைசி ஒத்திகைதான் எனக்குப் பிரியம். காட்டுப்பாக்கத்திலிருந்து போரூர், கிண்டி நெரிசலைத் தாண்டித் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அரைப்பொழுது கரைந்துவிடும், கரையட்டும். ‘சீதா சுயம்வரம்’ முழு ஒப்பனையோடு ஒத்திகைக்கு வரும்போது பாட்டும் வாத்தியமும் ஆட்டமும் ஒன்றையொன்று உரசிப் பார்த்துக்கொள்கின்றன. மேடையோரம் மிருதங்கக்காரர் சிறு கல்லால் விளிம்பைத் தட்டிச் சுருதி கூட்டுகிறார். அரைமண்டியில் உட்கார்கையில் விசிறி மடிப்புப் பட்டு ‘சரக்’கென்று விரியும். நிறைந்த அரங்கில் அந்தச் சத்தம் காதுக்கு எட்டாது. காலி நாற்காலிகளுக்கு நடுவே அத்தனை துல்லியம்.

நான் கண்ணெடுக்காமல் பார்ப்பது நட்டுவாங்கம் செய்பவரை. அவர் பார்வை கையிலிருக்கும் தாளத்தின் மேல் இல்லை, ஆடுகிறவரின் பாதத்தின் மேல். பாதம் தரையைத் தொடும் அதே கணத்தில் தாளம் ஒலிக்கிறது. இம்மி முந்துவதில்லை, பிந்துவதில்லை. ஜனகர் மேடையைக் கடக்க இன்னும் நாலு எட்டு மீதியிருந்தால், பாடகர் அதே வரியை இன்னொரு சங்கதியோடு நீட்டிக்கொடுக்கிறார். சைகைகூட வேண்டியிருக்கவில்லை. மைசூர் வாசுதேவாச்சாரியாரின் இசையில் அதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. வில் முறியும் கட்டத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ராமனின் தோளசைவும் மிருதங்கத்தின் அடியும் சேர்ந்து விழும்வரை எவர் முகத்திலும் சலிப்பில்லை. விழுந்ததும், ஓரமாக நிற்கும் தோழிப்பெண்கள் உட்பட எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.