தள்ளினால்தான் ஓடும்

மே மாதம் அதிகாலை நாலரை மணிக்கு மதுரை கே.கே. நகர் பக்கம் வந்து பாருங்கள். தெருவுக்கு ஒரு டெம்போ டிராவலர் நிற்கும். உள்ளே புளியோதரை தூக்கு, தண்ணி கேன், தலையணை, பையனின் கிரிக்கெட் மட்டை. தாத்தாவுக்கு ஜன்னல் சீட்டு. டிரைவர் பக்கத்து சீட்டுக்குப் பிள்ளைகளுக்குள் அடிதடி. கொடைக்கானலோ மூணாறோ ராமேஸ்வரமோ, வெயில் ஏறுவதற்குள் ஊர் தாண்டிவிட வேண்டும்.

இதே மாதத்தில்தான் பிளஸ் டூ ரிசல்ட்டும் வருகிறது. அதனால் பல வேன்களில் ஒரு சீட்டு காலியாக இருக்கும். “பெரியவன் வரலையா?” என்று யாராவது கேட்டால், “அவனுக்கு கோச்சிங் இருக்குல்ல” என்று பதில் வரும். சில வீடுகளில் அந்தப் பதிலும் வராது. பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வேனையும் மார்க்கையும் ஒரே கதைக்குள் வைத்து அமெரிக்காவில் ஒரு படம் எடுத்தார்கள். 2006-ல் வந்த ‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’. ஜோனதன் டேட்டன், வேலரி ஃபாரிஸ் என்ற கணவன் மனைவி சேர்ந்து இயக்கிய படம். மைக்கேல் ஆர்ண்ட் எழுதிய திரைக்கதைக்கும், தாத்தாவாக நடித்த ஆலன் ஆர்க்கினுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. எதற்கு இந்தப் பழைய கதை என்கிறீர்களா? இந்த மாதத்தில் நம் வீடுகளில் போட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள். தாத்தாவின் வாய் கொஞ்சம் மோசம்.

கதை எளிது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி என்ற ஊர். அங்கே ஏழு வயதுப் பெண் ஆலிவுக்குக் கலிபோர்னியாவில் நடக்கும் குழந்தைகள் அழகிப் போட்டியில் கலந்துகொள்ள வாய்ப்பு வருகிறது. விமானத்துக்குக் காசில்லை. மஞ்சள் கலர் பழைய ஃபோக்ஸ்வேகன் வேனில் ஆறு பேரும் ஏறுகிறார்கள். பாலைவனத்தின் நடுவே ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர்.

அந்த ஆறு பேரைப் பாருங்கள். அப்பா ரிச்சர்ட், ஜெயிப்பது எப்படி என்று ஒன்பது படிகளில் கிளாஸ் எடுப்பவர். அவருடைய கிளாஸுக்கு வருவதோ விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். உலகத்தில் ஜெயிப்பவர், தோற்பவர் என்று இரண்டே ஜாதி என்பது அவர் கட்சி. அம்மா எல்லாருக்கும் நடுவில் பஞ்சாயத்து. மாமா தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர். முதியோர் இல்லத்திலிருந்து விரட்டப்பட்ட தாத்தாவுக்குப் போதைப் பழக்கம். அண்ணன் டுவெய்ன், போர் விமான பைலட் ஆகிறவரை வாயைத் திறப்பதில்லை என்று விரதம். ஒன்பது மாதமாக எல்லாவற்றுக்கும் பேப்பரில் எழுதித்தான் பதில்.

வழியில் வேனின் கிளட்ச் போகிறது. மெக்கானிக் ஒரு யோசனை சொல்கிறான். முதல் இரண்டு கியருக்குத்தான் கிளட்ச் கட்டாயம். வண்டியைத் தள்ளிக் கொஞ்சம் வேகம் பிடிக்க வைத்தால் நேராகத் தேர்ட் கியரில் ஓட்டிவிடலாம். ஆக, ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் மொத்தக் குடும்பமும் பின்னால் நின்று தள்ள வேண்டும். பிறகு ஓடிக்கொண்டே ஒவ்வொருவராக உள்ளே தாவ வேண்டும்.

படத்தின் மூளை இந்த ஒரு கிளட்சில் இருக்கிறது. ஒருத்தரோடு ஒருத்தர் பேசாத ஆட்கள் தோளோடு தோள் நின்று தள்ளுகிறார்கள். யாரும் யாரையும் மன்னிக்கவில்லை, திருந்தவும் இல்லை. தள்ளாவிட்டால் வண்டி நகராது, அவ்வளவுதான். ஒரு பெட்ரோல் பங்கில் ஆலிவை விட்டுவிட்டே கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வந்து, வண்டி நின்றால் மறுபடி தள்ள வேண்டுமே என்று, ஓட்டத்திலேயே அவளை உள்ளே இழுத்துப் போடுகிறார்கள். சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும், நம் வீட்டில் இப்படி யாரையாவது விட்டுவிட்டு வந்திருக்கிறோமா என்ற கேள்வியும் வரும்.

இந்தப் பாலைவன ரோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அல்புகர்க்கி வழியாகப் போகும் ரூட் 66 நெடுஞ்சாலை 1926-ல் உருவானது. 1939-ல் ஜான் ஸ்டைன்பெக் எழுதி, மறுவருஷமே ஜான் ஃபோர்டு படமாக்கிய ‘த கிரேப்ஸ் ஆஃப் ராத்’ கதையில் ஜோடு குடும்பம் இதே ரோட்டில்தான் போகிறது. ஓக்லஹாமாவில் நிலத்தை இழந்த விவசாயிகள். கலிபோர்னியாவில் வேலை கொட்டிக் கிடக்கிறது என்று அச்சடித்த நோட்டீஸை நம்பி, பழைய காரைப் பாதியாக வெட்டி லாரியாக்கிக் கிளம்புகிறார்கள். மொஹாவி பாலைவனத்தை ராத்திரியில் கடக்கும்போது பாட்டி இறந்துவிடுகிறாள். சொன்னால் வண்டி நின்றுவிடும் என்று விடியும்வரை பிணத்தோடு படுத்துக்கொண்டு வருகிறாள் அம்மா.

1983-ல் ‘நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன்’ வந்தது. இது முழுக் காமெடி. சிகாகோவிலிருந்து கலிபோர்னியாவிலுள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் காரில் போகிறது ஒரு குடும்பம். கிராண்ட் கேன்யனை அப்பாக்காரர் பார்ப்பது சில விநாடிகள்தான். இந்தப் படத்திலும் வழியில் ஒரு கிழவி இறக்கிறாள். அவளைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

‘லிட்டில் மிஸ் சன்ஷைன்’ படத்திலும் இரவு தங்கிய இடத்தில் தாத்தா இறந்துபோகிறார். ஆஸ்பத்திரி சம்பிரதாயங்களுக்கு நின்றால் போட்டிக்கு நேரமாகிவிடும் என்று, ஜன்னல் வழியாக உடலை இறக்கி வேனில் ஏற்றுகிறார்கள்.

கவனித்தீர்களா? மூன்று குடும்பம், மூன்று வண்டி, போகிற திசையும் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு முதியவர் வழியில் போய்ச் சேர்கிறார், வண்டி நிற்கவில்லை. முதல் குடும்பம் பிழைப்புக்காக ஓடியது. இரண்டாவது, உல்லாசத்துக்காக. மூன்றாவது ஓடுவது ஜெயிப்பதற்காக. 1940-ல் கண்ணீர் வரவைத்த பிணம், 1983-ல் வெறும் ஜோக். 2006-ல் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து தொண்டையில் நிற்கிறது. அமெரிக்கக் குடும்பத்தின் அறுபத்தாறு வருஷத்தை இந்த மூன்று பிணங்களை வைத்தே எழுதிவிடலாம்.

நம்மிடம் இப்படி ஏதாவது உண்டா? ‘மதராஸ் டு பாண்டிச்சேரி’யில் (1966) ஒரு பஸ் நிறைய அந்நியர்கள். ‘அன்பே சிவ’த்தில் (2003) இரண்டு ஆண்கள். ‘பையா’வில் (2010) ஒரு ஜோடி. தமிழ் சினிமாவில் குடும்பம் மொத்தமாக வண்டி ஏறினால் அது கோயிலுக்கோ கல்யாணத்துக்கோதான் இருக்கும். பாலைவனம் வந்தால் டூயட் வரும். வண்டிக்குள் நடக்கும் குடும்பச் சண்டையை நம்மாட்கள் பெரிதாகத் தொடவே இல்லை.

ஆனால் சினிமாவுக்கு ரொம்ப முன்னாலேயே ஒருவர் தொட்டிருக்கிறார். அதுவும் மதுரை ரோட்டில். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் பூம்புகாரிலிருந்து நடந்து வருவது கொளுத்தும் கோடையில். கண்ணகியின் கால் தாங்காது என்று கடைசிப் பகுதியை நிலா வெளிச்சத்தில் நடக்கிறார்கள். ஜோடு குடும்பம் பாலைவனத்தை இரவில் கடந்ததே, அதே கணக்கு! வடக்கே இருந்து வந்தவர்கள், வைகையைக் கடந்து தென்கரை போனவர்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் கே.கே. நகர் வட்டாரம் வழியாகக்கூட வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். இழந்ததை மதுரையில் சம்பாதித்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் அவர்களுக்கு நோட்டீஸ். அந்த நம்பிக்கை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

அந்த வழிநடையில் இளங்கோவடிகள் ஒரு விஷயம் சொல்கிறார். பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வாடித் தம் இயல்பு கெட்டால் அதுதான் பாலை. நல்ல நிலத்துக்கு வரும் ஒரு நிலைமை. இதை வைத்துப் படத்தைப் பார்த்தால் சட்டென்று பிடிபடுகிறது. ரிச்சர்டின் குடும்பம் பாலைவனத்துக்குள் நுழைவது வேனில் ஏறிய பிறகு நடப்பதல்ல. ஜெயி, ஜெயி என்ற வெயிலில் அந்த வீடு முன்பே காய்ந்துபோய்விட்டது. வழியில் ஒரு ஓட்டலில் ஆலிவ் ஐஸ்கிரீம் கேட்கிறாள். அழகிப் போட்டியில் ஜெயிப்பவர்கள் ஐஸ்கிரீம் தின்று குண்டாக மாட்டார்கள் என்று ஏழு வயதுக் குழந்தைக்கு வகுப்பெடுக்கிறார் அப்பா. மற்றவர்கள் அந்த ஐஸ்கிரீமை ரசித்து ரசித்துச் சாப்பிட்டு, குழந்தையையும் சாப்பிட வைக்கிறார்கள். பாலையில் விழுந்த முதல் தூறல் அது.

குறைகளும் உண்டு. ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொருவருக்கும் முறைவைத்துத் தோல்வி வருகிறது. மாமாவின் எதிரி சரியாக அதே பெட்ரோல் பங்கில் எதிரே வந்து நிற்பது எழுத்தாளரின் சௌகரியம். அழகிப் போட்டி நடத்துகிறவர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்திருப்பதால் நமக்குக் கோபப்படுவது சுலபமாகிவிடுகிறது. அந்தச் சாலையோரம் தலைமுறை தலைமுறையாக வாழும் நவஹோ, பியூப்ளோ மக்களுக்குக் கதையில் இடமே இல்லை. பாலைவனம் ஜன்னலுக்கு வெளியே ஓடும் திரைச்சீலையாக நின்றுவிடுகிறது. ஸ்டைன்பெக்கிடம் அது ஆளைக் கொல்லும் நிலம்.

இவ்வளவையும் ஒரு காட்சிக்காக மன்னிக்கலாம். ஓடும் வேனில் விளையாட்டாகக் கண் பரிசோதனை அட்டையைக் காட்டுகிறாள் ஆலிவ். டுவெய்னுக்கு நிறக்குருடு என்று தெரிகிறது. போர் விமானம் ஓட்டவே முடியாது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடி, சரிவில் நின்று அலறுகிறான். ஒன்பது மாத மௌனம் உடைகிறது. நீங்கள் யாரும் என் குடும்பமே இல்லை, எல்லாரும் தோற்றுப்போனவர்கள் என்று கத்துகிறான். அப்பா கையிலிருக்கும் ஒன்பது படியில் ஒன்றுகூட இந்தச் சரிவில் இறங்க உதவவில்லை. ஆலிவ் இறங்கிப் போகிறாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்திருக்கிறான்.

தமிழ்நாட்டில் 2017-ல் பிளஸ் டூ ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள். நல்ல காரியம். போட்டோ போட்டு முதல் மூன்று பேரைக் கொண்டாடும் வழக்கம் அரசாங்கக் கணக்கில் முடிந்தது. வீட்டுக் கணக்கில் முடிந்ததா? வாட்ஸ்அப்பில் மார்க் கேட்கும் பெரியப்பாவை எந்த அரசாணையும் தடுக்க முடியாது. நான் பி.காம். படித்தவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். மார்க் என்பது ஒரு வருஷத்து லாப நட்டக் கணக்கு. கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது ஐந்தொகையில்தான் தெரியும். ரிச்சர்ட் முதல் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்தப் போட்டி மேடையில் அவருக்கு இரண்டாவது கணக்கும் புரிகிறது. எப்படி என்று நான் சொல்ல மாட்டேன், படத்தில் பாருங்கள்.

பார்த்துவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். மூணாறுக்கு வேன் புக் பண்ணியிருக்கிறீர்கள் அல்லவா? மார்க் குறைந்த பிள்ளையையும் கூப்பிடுங்கள். வழியில் அட்வைஸ் வேண்டாம். அந்த ஜன்னல் சீட்டைத் தாத்தாவிடம் கேட்டு வாங்கி அவனுக்குக் கொடுங்கள், போதும்.