வரைபடச் சுட்டிக்குறிப்பில் தமிழ் எழுத்து: ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

மேசைக்கணினி மென்பொருள்களின் ஊடாடும் வரைபடங்களில், சுட்டி நிற்கும் இடத்தின் விவரம் தரும் சுட்டிக்குறிப்பில் தமிழ் எழுத்துகள் சிதைவதை இக்கட்டுரை ஆராய்கிறது. சிதைவுக்குக் காரணம் தமிழின் குறியேற்றம் அன்று, எழுத்தை வரையும் முறையே என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: சுட்டிக்குறிப்பு, ஊடாடும் வரைபடம், மேட்பிளாட்லிப், ஒருங்குறி, டேஸ்16.

முன்னுரை

ஜான் ஹன்டர் உருவாக்கி 2003இல் வெளியான மேட்பிளாட்லிப், பைத்தான் மொழியில் வரைபடம் வரைய ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் நூலகம். அதனைக் கியூடி சாளரத்தினுள் பொருத்தினால், சுட்டி நகருந்தோறும் அதன் ஆயத்தொலைகள் நிரலுக்குக் கிடைக்கின்றன. அவற்றுக்கு அருகிலுள்ள தரவுப்புள்ளியின் பெயரையும் மதிப்பையும் காட்டுவது சுட்டிக்குறிப்பின் பணி. புதுச்சேரிப் பகுதி ஊர்களின் நீர்மட்டத்தைக் காட்டும் வரைபடத்தில், ஒரு புள்ளியைச் சுட்டினால் ‘சேதராப்பட்டு’ என்னும் பெயர் தோன்ற வேண்டும் எனக் கொள்வோம்.

ஒரே சரம், இரு தோற்றம்

மேட்பிளாட்லிப்புடன் வரும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. ஆதலின் முதலில் வெற்றுக் கட்டங்களே தோன்றும். தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்டதும் கட்டங்கள் மறைகின்றன. சிக்கல் தீர்ந்ததாகப் பலர் கருதும் இடம் இதுவே.

சேதராப்பட்டு ஏழெழுத்துச் சொல். ஒருங்குறியில் 12 குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. ‘சே’ என்பதில் சகரம் முன்னும் ஏகாரக் கொம்பு பின்னுமாகச் சேமிப்பு அமையும். திரையிலோ கொம்பு சகரத்திற்கு இடப்புறம் நிற்க வேண்டும். மேட்பிளாட்லிப்பின் நெடுங்கால வழக்கம், குறியெண்களைச் சேமித்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரைவது. அதனால் கொம்பு தகரத்தின்முன் விழுந்து, பெயர் ‘சதேராப்பட்டு’ எனப் படிக்கப்படுகிறது. ‘டு’ என்பதும் இணையாமல் பிரிந்து நிற்கிறது. இது வெறும் அழகுக்குறை அன்று. தரவுப்புள்ளிக்கு இல்லாத ஊரின் பெயரைச் சூட்டும் பிழை. சரம் சரியாகவே இருப்பதால் நிரற்சோதனை இதனைக் கண்டறியாது.

அதே சரத்தைக் கியூடியின் சொந்தச் சுட்டிக்குறிப்பில் இட்டால் பெயர் பிழையின்றித் தோன்றுகிறது. கியூடி ஹார்ஃப்பஸ் நூலகத்தின் வழி எழுத்துகளை முறைப்படுத்தி இணைத்த பின்னரே வரைகிறது.

குறியேற்ற விவாதம்

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியையும், அது இயலாத இடங்களுக்கு டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. டேஸ்16இல் ‘சே’ ஒரே குறியெண். எனவே வரிசையாக வரையும் மென்பொருளிலும் சிதையாது. இதனைக் கொண்டு ஒருங்குறியைக் குறைகூறுவது பொருந்தாது. ஒரே சாளரத்தில், ஒரே ஒருங்குறிச் சரம் ஓரிடத்தில் சிதைந்தும் மற்றோரிடத்தில் செவ்வனேயும் தோன்றுவது, குறை சேமிப்பில் இல்லை என்பதற்குப் போதிய சான்று. மேலும் டேஸ்16 தனிப்பயன் பகுதியில் அமைவதால், அதற்கென எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் பெயரே படிக்க இயலாததாகும்.

தீர்வுகளும் எல்லைகளும்

திரைக்குக் கியூடியின் குறிப்பே ஏற்றது. மேட்பிளாட்லிப் உயரத்தைக் கீழிருந்தும் கியூடி மேலிருந்தும் அளப்பதால், இடத்தை மாற்றிக் கணிக்க வேண்டும். ஆயின் அக்குறிப்பு சேமித்த படத்தில் இடம்பெறாது. ஆய்வேட்டில் சேரும் படத்திற்கு, ராக்ம் நூலகத்தைப் பயன்படுத்தும் எம்பிஎல்கெய்ரோ போன்ற வரைமுறை வேண்டும்.

முடிவுரை

உரோமன் எழுத்தில் ஊர்ப்பெயரை இட்டுச் சிக்கலைத் தவிர்ப்பது எளிது; ஆனால் அதில் குறில் நெடிலும் லகர ளகர ழகரமும் மயங்கும். தமிழ்த் தரவுக்கான கருவியை மதிப்பிடுவோர், எண்ணின் துல்லியத்தோடு அருகிலுள்ள பெயரின் வடிவையும் கண்ணால் சரிபார்ப்பது ஆய்வுநெறியின் பகுதியாக வேண்டும்.